எதுவானாலும் சம்மதம்

வணக்கம் சார்,

உங்களைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். இது எழுத்து பற்றிய கடிதம் இல்லை, சொந்த விஷயம். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, ஆறு வயது மகளோடு சில மாதங்களில் கிளம்புகிறோம். வாடகை கொடுப்பது வீண் என்பதால் போனதுமே வீடு வாங்கிவிட நினைக்கிறேன். நகரத்துக்குள் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்று பார்த்தேன். அதே விலைக்கு, காரில் ஒரு மணி நேரம் தள்ளி, தோட்டத்தோடு தனி வீடே கிடைக்கிறது. அந்தப் பகுதிப் பள்ளிக்கு நல்ல மதிப்பீடு, விலையும் ஏறும் என்கிறார்கள். நம் ஆட்கள்தான் அங்கே அதிகம் இல்லை. வீடியோவில் காட்டிவிட்டு முன்பணம் அனுப்பச் சொல்கிறார் தரகர். எதை எடுக்கலாம்? மனைவிக்கு எதுவானாலும் சம்மதம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியைப் படித்ததும் மேலே போக முடியவில்லை. கொஞ்ச நாளாகவே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. போனதும் வீடு வாங்க உங்களுக்கு அனுமதி உண்டா என்பதே நாட்டுக்கு நாடு மாறும். கனடா 2023 ஜனவரியில் வெளிநாட்டவர் குடியிருப்பு வீடு வாங்குவதைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது, இரண்டு ஆண்டுக்கு என்று தொடங்கியதை அப்புறம் 2027 ஜனவரி வரை நீட்டித்தார்கள். வேலை அனுமதியோடு இருப்பவர்களுக்கு நிபந்தனைகளுடன் விதிவிலக்கு உண்டு. ஆஸ்திரேலியா 2025 ஏப்ரல் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, தற்காலிக விசாவில் இருப்பவர்களையும் சேர்த்து, ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்கக் கூடாது என்றது. சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரலிலிருந்து 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி. விற்க நினைக்கும் தரகர் இதையெல்லாம் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க மாட்டார், நீங்கள்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோ பார்த்து முன்பணம் அனுப்புவது கூடவே கூடாது. சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா, பக்கத்து வீட்டுச் சத்தம் எவ்வளவு கேட்கும், எந்த அறைக்கு எப்போது வெயில் வரும், ஒன்றும் அதில் தெரியாது.

வாடகை வீண் என்கிறீர்கள். இதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ, படித்தவர்கள்கூடக் கணக்குப் போடாமல் சொல்கிறார்கள். ஒரு லட்சம் கடன், எந்த நாணயமானாலும் சரி, 6 சதவீத வட்டி, 30 ஆண்டுத் தவணை என்று வையுங்கள். மாதம் சுமார் 600 கட்டுவீர்கள். முதல் மாதம் அதில் 500 வட்டிக்கே போகும். ஐந்து வருடத்தில் 36,000 கட்டியிருப்பீர்கள், கடன் சுமார் 7,000தான் குறைந்திருக்கும். இதற்கு மேல் வாங்கும்போது வரி, வழக்கறிஞர் செலவு, பராமரிப்பு. ஜெர்மனியில் வீடு வாங்கும் வரி மட்டுமே மாநிலத்தைப் பொறுத்து 3.5 முதல் 6.5 சதவீதம். நீண்ட காலம் இருக்கப்போகிறவருக்கு இந்தச் செலவு ஈடாகிவிடும். நீங்கள் இருக்கப்போகிறீர்களா என்பது உங்களுக்கே இன்னும் தெரியாதே. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேடுவீர்களா, வீட்டை விற்பீர்களா?

பள்ளி மதிப்பீட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆறு வயதுக் குழந்தைக்குத் தெருவில் ஒரு தோழி கிடைத்தால் போதும். விலை ஏறுவதையும் விடுங்கள், குடியிருக்கிற வீட்டை விற்றால் அடுத்த வீட்டையும் அதே ஏறிய விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும்.

இப்போது உங்கள் மனைவி. என் நண்பர் ஒருவர் உங்களைப் போலவே போன சில மாதங்களில் ஊருக்கு வெளியே பெரிய வீடு வாங்கினார். ஒரு குளிர்காலத்தில் அங்கே போய்க் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். நல்ல வீடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கு அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார், இருந்தது ஒரே கார். அவர் மனைவி கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், விசாவில் அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. பேருந்து மணிக்கு ஒன்று, நிறுத்தத்துக்கு நடந்து போகலாம் என்றால் சாலையோரம் நடைபாதை இல்லை. நான் இருந்த நாட்களில் அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தார். தன் மாணவர்களைப் பற்றி, வகுப்பில் எந்தக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுப்பார் என்பதைப் பற்றி, மூச்சுவிடாமல். மூன்றரை மணிக்கே இருட்டத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். தபால் கொண்டுவருபவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்காக முன்னாலேயே போய்க் கதவருகே நிற்பார். நண்பரிடம் இதைச் சொன்னேன். "வாங்கும்போது கேட்டேனே, உங்கள் இஷ்டம் என்றுதானே சொன்னாள்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை.

பார்க்காத ஊரில், தெரியாத தெருவில், கணவன் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட முகத்தோடு காட்டுகிற இரண்டு வீட்டில் ஒரு பெண் எதைச் சொல்ல முடியும்? சரி என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது நீங்கள் இல்லை, எஸ். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, குழந்தை பள்ளியில், நீங்கள் அலுவலகத்தில், அவர் எங்கே போவார், யாரிடம் பேசுவார் என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? கடிதத்தில் பள்ளி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, அவர் என்ன படித்தார், என்ன வேலை செய்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கு அவர்மேல் அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. புது நாடு, புது வேலை, பயம் இருக்கும், ஒரு வீட்டை வாங்கிவிட்டால் கால் ஊன்றிவிடலாம் என்று தோன்றும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது.

ஆனால் விசாரிக்க வேண்டியதை விசாரியுங்கள். துணை விசாவில் அவர் வேலை செய்யலாமா? அமெரிக்காவில் எச்-1பிக்காரரின் துணையாக எச்-4 விசாவில் போகிறவர்களுக்கு 2015இல்தான் அந்த வழி திறந்தது, அதுவும் எச்-1பியில் இருக்கும் கணவனோ மனைவியோ கிரீன் கார்டு என்கிற நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான பாதையில் ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மட்டும். பிரிட்டனில் துணைவர் வேலைக்குப் போகலாம். அவர் கார் ஓட்டுவாரா? நம் உரிமத்தை வைத்துக்கொண்டு பிரிட்டனில் 12 மாதம், ஜெர்மனியில் 6 மாதம் ஓட்டலாம், பிறகு அங்கே தேர்வு எழுதித் தேற வேண்டும். அதுவரை ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் அந்தத் தனி வீட்டில் பால் தீர்ந்தால்கூட நீங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். லண்டனில் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், கோடையில் எடுத்த வீடியோவில் அது தெரியாது. நம் ஆட்கள் இல்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள், தெருவில் நடக்கிற ஆட்கள் யாராவது இருந்தால் போதும், பழக்கம் தானாக வரும்.

நண்பரும் அவர் மனைவியும் சில வருடம் கழித்து அந்த வீட்டை விற்றுவிட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்ன வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் இப்போது திரும்பவும் கற்பிக்கிறார். இடையில் போன வருடங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அடுக்குமாடியா தனி வீடா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். போய் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள், ரயிலோ பேருந்தோ கடையோ நூலகமோ நடக்கிற தூரத்தில் இருக்கிற இடமாக, அவர் பார்த்துத் தேர்ந்த இடமாக. ஒரு குளிர்காலம் கழியட்டும். பிறகு எந்தப் பகுதி பிடித்தாலும், நீங்கள் இல்லாமல் அவர் மட்டும் குழந்தையோடு பேருந்தில் அங்கே போய்த் திரும்பி வரட்டும். வாங்கலாமா என்று அப்போது கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் ஏன் என்று வாதாடாதீர்கள்.

தரகருக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், முடிந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.