அம்பாசடர் ஹெட்லைட் மங்கினால் பல்பை மாற்றுவதா?

கேள்வி: வள்ளியூரில் இருக்கிறோம். அப்பா காலத்து 1972 மார்க் 2 அம்பாசடர். இரவில் பணகுடி தாண்டினால் ஹெட்லைட் மஞ்சளாக மங்கிக் கிடக்கிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மின்னுகிறது. எல்.ஈ.டி. பல்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் பல்பு வாங்காதீர்கள். கரண்ட் போய் வரும் வழியில்தான் கோளாறு. இண்டிகேட்டரோடு இன்னொரு விளக்கும் மின்னினால் அங்கே எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் பக்கத்துப் பல்பு வழியாகப் போகிறது. பின்விளக்கைக் கழற்றி, பாடியில் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்செனத் தெரியும்வரை தேய்த்து, தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள். உவரி, கூடங்குளம் பக்கம் அடிக்கடி போகிற வண்டி என்றால் உப்புக்காற்றில் கனெக்டர்களும் பச்சை பூத்திருக்கும். பிரித்துத் துடைத்து மாட்டுங்கள்.

அப்புறம் ஹெட்லைட். லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியில் பாடியோடு சேராத முனையிலும் மறுமுனையை விளக்குக்குப் பின்னால் கரண்ட் வரும் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அவ்வளவும் வழியில் வீணாகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பழைய வண்டியில் ஹெட்லைட் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச், டிம்-பிரைட் மாற்றும் டிப் ஸ்விட்ச் இரண்டையும் கடந்துதான் வர வேண்டும். தேய்ந்த ஸ்விட்ச் சூடாகும், ஒயரும் இளகலாம்.

இதற்கு ரிலேதான் மருந்து. சிறு கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை நேராக விளக்குக்கு விடும் ஸ்விட்ச் அது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்து, ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்குக் கொடுங்கள். 87-லிருந்து விளக்குக்கு. ஹெட்லைட்டுக்கு வந்துகொண்டிருந்த பழைய ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பழைய ஸ்விட்ச் இனி ரிலேயை இயக்கினால் போதும். இந்த ஃப்யூஸைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த அந்தக் கால வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது.

இவ்வளவும் முடிந்தபின் 60/55 வாட் (பிரைட்/டிம்) ஹாலஜன் போதும். 100/90 வேண்டாம். இரண்டு 60 வாட் பல்பு 10 ஆம்பியர்தான் இழுக்கும். 100 வாட் என்றால் 17-ஐத் தொடும். பழைய டைனமோ தருவதே 20 ஆம்பியர் சுமார்தான், அதிலும் ஐட்லிங்கில் ஒன்றும் பெரிதாகத் தராது. பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசும். நாற்கரச் சாலையில் அது யார் உயிருக்கும் நல்லதல்ல.

பின்விளக்குக்கு எல்.ஈ.டி. தாராளமாகப் போடலாம், சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு பல்பாகவே வாங்குங்கள். இண்டிகேட்டருக்கும் போட்டால் விளக்கை மின்ன வைக்கும் பழைய ஃப்ளாஷர் சரியாக வேலை செய்யாது, எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் மாற்ற வேண்டும். வாங்குமுன் பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் சாதாரண எல்.ஈ.டி. எரியாது, கடையில் அதைச் சொல்லியே கேளுங்கள்.