கணவர் மறைத்த கடனை என் சேமிப்பிலிருந்து அடைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 6 வருடம். இருவரும் வேலைக்குப் போகிறோம். கணவரின் கிரெடிட் கார்டு கடன் அவருடைய 5 மாதச் சம்பள அளவுக்கு ஏறியிருப்பது போன வாரம்தான் தெரிந்தது. 2 வருடமாக மறைத்திருக்கிறார். என் டெபாசிட்டை உடைத்துக் கட்டிவிடலாம், இனி கார்டைத் தொடவே மாட்டேன் என்கிறார். கட்டலாமா? கூட்டுக் கணக்கைப் பிரித்துவிடவா? இனி அவரை எப்படி நம்புவது?

பதில்: கட்டலாம். ஆனால் இந்த வாரம் வேண்டாம்.

வெறும் கணக்காகப் பார்த்தால் உடனே கட்டுவதுதான் லாபம். மாதம் 3 சதவீத வட்டி என்றால், வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். உங்கள் டெபாசிட் அதில் ஒரு மூலைக்குக்கூட வராது. ஸ்டேட்மென்ட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதை மட்டும் கட்டிவந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது. ஆனால் வசூலுக்கு யாரும் போன் செய்யவும் மாட்டார்கள். 2 வருடம் உங்களுக்குத் தெரியாமல் போனது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அப்புறம் ஏன் பொறுக்கச் சொல்கிறேன்? அவர் சொன்ன தொகைதான் மொத்தமா என்று உங்களுக்குத் தெரியாது. மாட்டிக்கொண்டவர் கண்ணில் பட்டதை மட்டும் ஒப்புக்கொள்வது சகஜம். அதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, வெட்கமே போதும். டெபாசிட்டை உடைத்த பிறகு இன்னொரு கார்டு வெளியே வந்தால் பணமும் போயிருக்கும், மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போயிருக்கும்.

எனவே முதலில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கிரெடிட் ரிப்போர்ட் எடுங்கள், அதாவது ஒருவர் பெயரில் இருக்கும் லோன், கார்டு விவரங்களைக் காட்டும் அறிக்கை. அவருடையதை மட்டுமல்ல, உங்களுடையதையும். அப்போதுதான் அது விசாரணையாகத் தெரியாது. நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று அதில் வராது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பணம் எதற்குப் போனது என்பதையும் கேளுங்கள். வீட்டுச் செலவு கைமீறி, சொல்லக் கூச்சப்பட்டு ஏறிய கடன் என்றால் பட்ஜெட்டைத் திருத்தினால் போதும். சூதாட்டம் என்றால் கதையே வேறு. அதற்கு உதவி தேடாமல் கடனை அடைத்தால், அடுத்த கடனுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும்.

எல்லாம் தெளிவானதும் பாதியைக் கட்டுங்கள், அவர் கையில் கொடுக்காமல் நேராகக் கார்டு கணக்கிலேயே. கார்டின் வரம்பையும் அன்றே குறைக்கச் சொல்லுங்கள். மீதிக்கு அவர் சம்பளத்திலிருந்து தவணை. இந்தக் கடனை அடைக்க இன்னொரு லோன், அதில் உங்கள் கையெழுத்து என்ற பேச்சு வந்தால் மறுத்துவிடுங்கள். இணைக் கடனாளியிடம் வங்கி பாதியை அல்ல, முழுக் கடனையும் கேட்கலாம்.

கூட்டுக் கணக்கைப் பிரிக்காதீர்கள். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஜென்னி ஓல்சன் குழுவினர் 230 ஜோடிகளை 2 வருடம் கவனித்தார்கள். பணத்தை ஒரே கணக்கில் வைக்கச் சொல்லப்பட்டவர்களின் உறவுதான் மற்றவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. ஆனால் அவர்கள் புதிதாகத் திருமணமானவர்கள் அல்லது நிச்சயமானவர்கள். உங்கள் நிலைமைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் பிரித்த கணக்கில் மறைப்பது இன்னும் சுலபம் என்பதை யோசியுங்கள். கூட்டுக் கணக்கில் பணம் எடுத்தால் இரண்டு போனுக்கும் குறுஞ்செய்தி வரட்டும். அவரவர் கைச்செலவுக்குக் கேள்வி கேட்காத ஒரு தொகை இருக்கட்டும். அவருடைய பாஸ்வேர்டு எதையும் வாங்காதீர்கள். காவல்காரராகிவிட்டால் அவர் மறைக்கப் புது வழி தேடுவார், உங்களுக்கும் தூக்கம் போகும்.

3 மாதம் பாருங்கள். ஸ்டேட்மென்ட்டை அவரே கொண்டுவந்து காட்டினால் மீதியையும் கட்டிவிடலாம். அதுவரை ஏறும் வட்டி நஷ்டம்தான், தெரிந்தேதான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் கேட்டு வாங்கும்படி இருந்தால் மிச்சமுள்ள டெபாசிட்டைத் தொடாதீர்கள்.