‘மால்ம்க்ரோக்’ படத்தில் எல்லாரும் சுடப்பட்ட பிறகும் எப்படிப் பேச்சு தொடர்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், படம் அதற்கு விளக்கம் தருவதில்லை. கிறிஸ்டி புயூ 2020இல் எடுத்த இந்த ருமேனியப் படம் 200 நிமிடம் ஓடுகிறது. டிரான்சில்வேனியாவில் பனி சூழ்ந்த ஒரு மாளிகையில், மேட்டுக்குடியினர் ஐவர் போர், நன்மை தீமை, அந்திக்கிறிஸ்து (உலக முடிவில் வருவதாகச் சொல்லப்படும் கிறிஸ்துவின் எதிரி) என்று பிரெஞ்சில் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாதங்களுக்கு மூலம், ரஷ்யத் தத்துவவாதி விளாடிமிர் சொலோவியோவ் 1900இல் வெளியிட்ட உரையாடல் நூல்.

நடுவில் அந்த விருந்துக் காட்சி. மணியடித்தும் பணியாளர்கள் வரவில்லை. எங்கிருந்தோ இசை கேட்கிறது. என்னவென்று பார்க்க எழுந்து செல்பவர்கள் துப்பாக்கிச் சூட்டில் விழுகிறார்கள். அடுத்த அத்தியாயத்தில் ஒன்றுமே நடவாததுபோல் விவாதம்!

இந்தத் துப்பாக்கிச் சூடு பின்னால் நடக்கப்போவதன் முன்காட்சி என்றே நான் கொள்கிறேன். ஐரோப்பிய நாகரிகம் போரை ஒழித்துவிடும் என்று ஐவரில் ஒருவரான எதுவார் அடித்துப் பேசுகிறார். 1914இல் முதல் உலகப் போர் வெடித்தது என்று நமக்குத் தெரியும், அதற்கு முன்பே பேசும் அவருக்குத் தெரியாது. ஆவிகளின் பேச்சு என்றும் சிலர் வாசிக்கலாம். எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை.

மறுமுறை பார்த்தால், பேசுபவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடமாடும் பணியாளர்களைக் கவனியுங்கள். அத்தியாயங்கள் ஆறு: அவற்றில் ஐந்து, வாதிடும் ஐவர் ஒவ்வொருவரின் பெயரில்; ஒன்று மட்டும் தலைமைப் பணியாள் இஷ்த்வானின் பெயரில். வாதத்தில் அவருக்கு இடமில்லை, ஆனால் வீடு முழுவதும் அவர் கண்ணசைவில்தான் இயங்குகிறது.