குடும்பத்தை வைத்துக்கொண்டு ஐடி வேலைக்கு மாறுவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பதினோரு வருடம் மெர்ச்சன்டைசராக (பையரின் ஆர்டரை ஷிப்மென்ட் வரை கவனிப்பவர்) இருந்தேன். 35 வயதில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு, அதாவது சாஃப்ட்வேரில் தவறு இருக்கிறதா என்று சோதிக்கும் வேலைக்கு, மாறினேன். அப்போது பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்திருக்கிறேன்.

அக்கா, எனக்கு வயது 36. ஈரோட்டில் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். பி.காம். இனிமேல் பைத்தான் (புரோகிராம் எழுதும் மொழி) படித்து வேலைக்குப் போக முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் பைத்தானில் ஆரம்பிக்க வேண்டாம். காலேஜ் முடித்த பிள்ளைகள் நிற்கிற வரிசையில் நீங்களும் போய்க் கடைசியில் நிற்பானேன்? சரக்கு வரவு, இருப்பு, கணக்கு இடித்தால் எங்கே தேடுவது, இதெல்லாம் உங்களுக்குக் கைவந்த விஷயம். ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனிகளுக்கு இது தெரிந்த ஆள் வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் சேர்ந்த இரண்டாவது வாரம், ஷிப்மென்ட் பகுதியைச் சோதிக்கக் கொடுத்தார்கள். 1,000 பீஸ் ஆர்டர், பையர் கூடுதலாக ஏற்பது 5 சதவீதம். நான் 1,060 என்று போட்டேன். எந்தத் தடையும் சொல்லாமல் பேக்கிங் லிஸ்ட் (பெட்டிகளில் என்ன, எத்தனை என்ற பட்டியல்) வந்து விழுந்தது. நிஜத்தில் அப்படி அனுப்பினால் 1,050-க்கு மேல் போன அந்த 10 பீஸுக்குப் பணம் வராது. பல வருஷம் பேக்கிங் லிஸ்ட் பார்த்த கண்ணுக்கு அது உடனே பட்டது.

முதலில் எக்செலில் பிவட் டேபிள் (பெரிய பட்டியலை வகைவாரியாகக் கூட்டித் தருவது), அப்புறம் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸில் தகவலைக் கேட்டு எடுக்கும் மொழி). அதைப் பழக எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். ஸ்டோர் லெட்ஜர் மாதிரி ஒன்றை நீங்களே உருவாக்குங்கள், கம்பெனி டேட்டாவைத் தொடாதீர்கள். பொருள் வாரியாக இருப்பு எடுத்துப் பாருங்கள். ‘40 கோம்டு’ என்று ஒரு நூல் வகையை ஓரிடத்திலும், நடுவில் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்து இன்னோரிடத்திலும் எழுதியிருந்தால், ஒரே நூல் இரண்டு வரியாக வந்து நிற்கும். அதைச் சரிசெய்யப் போராடும் ஒரு மாலையில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

திண்டுக்கல்லில் டீச்சர் வேலை, இரண்டு குழந்தைகள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. எப்போது படிப்பது?

அந்த நேரத்தில் படிக்காதீர்கள் அம்மா. விடியற்காலை நாலரைக்கு எழுந்து நான் முயன்றேன். லைட் போட்டதும் சின்னவள் எழுந்துவிடுவாள். இருபது நாளில் விட்டுவிட்டேன். கடைசியில் நிலைத்தது இதுதான்: மதிய இடைவேளையில் அரை மணி, சனிக்கிழமை மாலை நாலு முதல் ஏழரை வரை. வாரத்துக்கு ஆறு, ஆறரை மணி நேரம்தான் தேறும். வேலை கிடைக்க 14 மாதம் ஆனது.

சனிக்கிழமையை வீட்டில் எல்லோர் முன்னாலும் பேசி வாங்கினேன். “லேப்டாப்பைத் திறந்து வெச்சு என்னதான் பண்றே?” என்று அத்தை கேட்டார்கள். அவர்கள் காலண்டரில் எழுதும் பால் கணக்கை எக்செலில் போட்டு, மூன்று மாதத் தொகையைக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளை அவர்களே கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். என்ன படிக்கிறோம் என்பதை வீட்டுக்குக் காட்டுங்கள்.

60,000 ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா?

வேண்டாம். இப்படி ஓரிடத்தில் நான் 45,000 கட்டி ஏமாந்தேன். வாயால் சொன்னது உறுதி, கையெழுத்து வாங்கிய தாளில் இருந்தது ‘வேலை தேட உதவி’ மட்டும். ஐஐடிகள் நடத்தும் என்பிடிஇஎல் ஆன்லைன் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்களைத் தமிழிலேயே கேட்கலாம். ஐஐடி மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பும் நல்லது. ஆனால் அது வருடக்கணக்கு வேலை, வீட்டுச் சூழலைப் பார்த்து முடிவெடுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் படிக்கட்டுமா? வீட்டு லோன் இருக்கிறது.

லோன் இருக்கும்போது விடாதீர்கள். மாறிய பிறகும் சம்பளம் குறையலாம். எனக்கு 32,000 போய் 24,000 ஆனது, பழைய அளவுக்கு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. ஆறு மாத இஎம்ஐயும் ஸ்கூல் ஃபீஸும் கையில் இருக்கட்டும். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யூஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்காக ஆறு வருடம் வேலைக்குப் போகவில்லை. போலி அனுபவச் சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்...

தொடவே தொடாதீர்கள். பிஎஃப் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சேர்ந்த பிறகும் அனுப்பிவிடுவார்கள். ‘குழந்தை வளர்ப்புக்காக ஆறு வருடம்’ என்று ஒரே வரியில் உண்மையை எழுதுங்கள். இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்: கிரச் (குழந்தைகள் காப்பகம்) இருக்கிறதா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் அது இருக்க வேண்டும் என்பது 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

என் மனைவி டெஸ்டிங் படிக்கிறாள். நான் என்ன உதவி செய்யலாம்?

இந்தக் கேள்வியைப் பார்த்து மனசு நிறைந்தது. அவர் படிக்கும் நேரத்தில் சமையலறை முழுக்க உங்கள் பொறுப்பு. உப்பு எங்கே, குக்கருக்கு எத்தனை விசில் என்று கேட்டு எழுப்பாதீர்கள், முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். காலிங் பெல் அடித்தால் நீங்கள் போய்த் திறங்கள்.