மாத்திரை வாங்கிவிட்டேன், போடத்தான் பயமாக இருக்கிறது

கேள்வி: எனக்கு 34 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. நான்கு மாதங்களாக எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வகுப்பில் நிற்கும்போதே காரணமில்லாமல் கண் கலங்குகிறது. மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரையை முதல் ஏழு நாள் பாதியாகவும், பிறகு முழுதாகவும் காலையில் போடச் சொன்னார். இரவுக்கு இரண்டு வாரம் மட்டும் குளோனாசெபம் 0.25 மி.கி. எழுதியிருக்கிறார். வாங்கி வந்து பதினோரு நாளாகிறது; அட்டையைப் பிரிக்கவேயில்லை. "இதைத் தொட்டால் அப்புறம் விட முடியாது" என்கிறார் மாமியார். உண்மையா? உடம்பு போடுமா? எத்தனை காலம் சாப்பிட வேண்டும்?

பதில்: உங்கள் மாமியாரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அது பொருந்துவது உங்கள் கையில் இருக்கும் இரண்டு அட்டைகளில் ஒன்றுக்கு மட்டும்தான். பழக்கத்துக்கு ஆளாக்கக்கூடியது இரவு மாத்திரையான குளோனாசெபம். அது போட்ட அன்றே பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தருவதால் மனம் அதை விரும்பத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதே அளவு போதாமல் போகும். நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரவும் வாய்ப்புண்டு. உங்கள் மருத்துவர் இரண்டு வாரம் என்று கெடு வைத்திருப்பது அதனால்தான். காலை மாத்திரையான எஸ்சிட்டலோபிராம் மனச்சோர்வுக்கான மருந்து; அது அப்படிப்பட்டதல்ல. அதைப் போட்டவுடன் எந்தச் சுகமும் தெரியாது, அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்ற ஏக்கமும் வராது.

இந்த இரண்டையும் ஒரே மாத்திரையில் சேர்த்த கலவையும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. சீட்டில் எழுதியது இல்லை, "இதுவும் அதேதான்" என்று கடைக்காரர் அதை நீட்டினால் வாங்காதீர்கள். கலவையைப் போட்டால் இரண்டு வாரம் கழித்து ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடர வழியில்லாமல் போகும்.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை சில. உங்களுக்கோ நெருங்கிய உறவினருக்கோ எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகமும் ஓயாத பேச்சும் கட்டுக்கடங்காத செலவும் இருந்த காலம் உண்டா என்பது முதலாவது. அது இருமுனைக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம், அந்த நிலையில் இம்மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்தால் மனம் சோர்விலிருந்து அந்த மீறிய உற்சாகத்துக்குப் பாய்ந்துவிடக்கூடும். கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்கும் எண்ணம் இருந்தாலோ, இதயத்துடிப்பில் கோளாறு இருந்தாலோ அதையும் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு, தலைவலிக்கு என்று நீங்களாக வாங்கிப் போடும் மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் விட்டுவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இதனுடன் சேரும்போது வயிற்றில் இரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் என்ற கடும் வலிக்கான மருந்தைச் சேர்த்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் உடலில் அளவு மீறி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். சாதாரணத் தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு வரும் என்பதால், அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லையென்றால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. இந்த மருந்தில் தொல்லை முன்னால் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரத்தில் குமட்டல், வயிறு இளகுதல், தலைவலி, வியர்வை, இனம் புரியாத படபடப்பு ஆகியவற்றில் சில தோன்றக்கூடும். பெரும்பாலோருக்கு இவை ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மனம் தெளிவதோ இரண்டாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் இடையில்தான் தொடங்கும். முழுப் பலனைக் கணிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இடைப்பட்ட அந்த நாட்களில் "இருந்த கஷ்டம் போதாதென்று இது வேறா" என்று தோன்றும். மருந்தைக் கைவிடுகிறவர்களில் பலர் கைவிடுவது அங்கேதான். முதலில் பாதி மாத்திரையில் தொடங்கச் சொன்னதே இந்தத் தொல்லையைக் குறைப்பதற்குத்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாளும் வீட்டில் இருக்கலாம். நடுக்கோட்டில் உடைத்துப் பாதியைச் சிற்றுண்டிக்குப் பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். மீதிப் பாதியை அட்டையிலேயே வைத்து மறுநாள் போட்டுவிடுங்கள். பகலில் தூக்கம் அசத்தினால் இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. குளோனாசெபம் போட்ட மறுநாள் காலை மந்தமாக இருந்தால், அது தெளியும்வரை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம்.

வீட்டில் ஒருவரிடமாவது, முடிந்தால் உங்கள் கணவரிடம், முதல் சில வாரங்கள் உங்களைக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இவ்வகை மருந்துகளின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயமாக்கியுள்ளது. உங்கள் வயதில் அந்த ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை என்றாலும், இருக்கை கொள்ளாத தவிப்போ, செத்துவிடலாம் என்ற நினைப்போ வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

உடம்பு போடுமா என்றால், எஸ்சிட்டலோபிராமில் பலருக்கு எடை பெரிதாக மாறுவதில்லை. சிலருக்கு மாதங்கள் செல்லச் செல்லச் சிறிது கூடுகிறது. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ஆலோசனைப் பகுதிகளில் பலரும் மென்று விழுங்கிவிடும் இன்னொரு விளைவையும் சொல்லிவிடுகிறேன்: தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவதும், உச்சநிலை தாமதமாவதும் இம்மருந்தில் சாதாரணம், அது தானாக மறைவது நிச்சயமில்லை. வாய்விட்டுச் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் முடியும்.

எத்தனை காலம்? முதல் முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுதும் நலமான நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். மொத்தத்தில் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுதும் அல்ல. ஆனால் நன்றாகிவிட்டதே என்று ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வது போன்ற உணர்வு வரலாம்; "விட முடியவில்லை" என்று ஊரில் சொல்லப்படுவதில் ஒரு பகுதி இதுதான். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தால் பெரும்பாலோரால் சிரமமின்றி வெளியே வர முடிகிறது.

கடைசியாக, பதினோரு நாள் தாமதித்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் மறு சந்திப்பைச் சீட்டு எழுதிய தேதியிலிருந்து கணக்கிட்டிருப்பார். நீங்கள் நான்கு நாள் மட்டும் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால், இரண்டு வாரமாகியும் அசைவில்லையே என்று எண்ணித் தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடக்கூடும். முதல் மாத்திரை போட்ட தேதியைச் சீட்டின் மூலையில் பேனாவால் எழுதிவையுங்கள், உள்ளே நுழைந்ததும் அதைக் காட்டுங்கள்.