கூகிளில் எத்தனை சிவகுமார்!

கேள்வி: நான் கோண்டாவிலில் மணவறைச் சோடனை செய்கிறேன். கடைக்கும் என் பெயர்தான், 'சிவகுமார் மணவறை'. வெளிநாட்டிலிருந்து கலியாணம் செய்ய வருகிறவர்கள் கூகிளில் 'சிவகுமார்' என்று தேடினால் நடிகர் வருகிறார், கர்நாடக அரசியல்வாதி வருகிறார், நாலைந்து மரண அறிவித்தலும் வருகிறது. நான் இல்லை. மாதம் 15,000 ரூபாய் தந்தால் மூன்று மாதத்தில் முதலாம் இடம் நிச்சயம் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
– சிவகுமார், கோண்டாவில்

பதில்: கொடுக்காதேங்கோ. முதலாம் இடத்துக்கு ஒருவராலும் உத்தரவாதம் தரமுடியாதென்று கூகிளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் போட்டால் மேலே வரலாம், அது வேறு கணக்கு.

அதோடு, சூர்யா, கார்த்தியின் தகப்பனோடு நீங்கள் ஏன் ஓட்டப்போட்டிக்குப் போகவேண்டும்? மனிசன் 1965இல் நடிக்க வந்தவர். அவரைப் பற்றி எழுதிய பக்கங்களுக்கும் அவற்றுக்கு இணைப்புக் கொடுத்த பக்கங்களுக்கும் கணக்கில்லை. எந்தப் பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பது, 1998இல் கூகிள் தொடங்கியபோதே அதன் அடிப்படை. வெறும் 'சிவகுமார்' என்ற பேரில் அவரை முந்துவது உங்கள் பேரப்பிள்ளை காலத்திலும் நடவாது.

மரண அறிவித்தல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. என் பேரும் ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கிற பேர்தான். ஒருநாள் விடியப்புறம் கனடா ஸ்காபரோவிலிருந்து சித்தி எடுத்தா. நான் "ஹலோ" சொன்னதும் "ஐயோ, நீயோ கதைக்கிறாய்?" என்று குழறினா. என் பேரில் ஒருவர் போய்விட்டார், வயதும் கிட்டத்தட்ட என் வயது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தவ, "அட, காரைநகரைப் பிறப்பிடமாகவும் எண்டெல்லே கிடக்கு. நீ மானிப்பாய்" என்றா. படம் போடாமல் அறிவித்தல் போட்டதற்கு ஏச்சு வாங்கியது நான்.

சித்தி ஆளைப் பிரித்தது ஊரை வைத்து. குடும்பப் பேர் இல்லாத எங்களுக்குத் தகப்பன் பேரும் ஊரும் தொழிலும்தான் அடையாளம். சி.வை. தாமோதரம்பிள்ளையின் 'சி' அவரின் ஊரான சிறுப்பிட்டி. சங்கப் புலவர் ஒருவருக்கு 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று பேர். ஊர், தகப்பனின் தொழில் (கணக்காயர் என்றால் ஆசிரியர்), சொந்தப் பேர் எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. உங்களுக்கு வேண்டியதும் அதுதான். உங்களை ஏற்கெனவே தெரிந்தவரைத் தவிர, கலியாண வீட்டுக்காரர் 'சிவகுமார்' என்று தேடமாட்டினம். 'மணவறை கோண்டாவில்', 'மணவறை யாழ்ப்பாணம்' என்றுதான் தேடுவினம், அதிலும் பலர் ஆங்கில எழுத்தில்.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். பேர்ப்பலகையில் உங்கள் பேரை ஆங்கிலத்தில் எழுதிய இடத்தில் 'எஸ்'ஸுக்குப் பிறகு 'எச்' இல்லை. விசிட்டிங் காட்டில் 'எச்' இருக்கிறது. முகநூலில் கடைசி 'ஏ' இரண்டாகிவிட்டது. ஊரில் இருக்கிற சிவகுமார்கள் காணாதென்று நீங்களே மூன்றாகி நிற்கிறீர்கள்! அடையாள அட்டையில் உள்ளபடி ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருத்துங்கோ. தொலைபேசி இலக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு கூகிள் வரைபடத்தில் கடையைப் பதியுங்கோ, இலவசம். கடை உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லலாம். இங்கே கனபேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. பேர் எழுதும் பெட்டிக்குள் 'யாழ்ப்பாணத்தின் சிறந்த மலிவு மணவறை' என்று அடுக்கினால் விதிமீறல், பதிவையே முடக்கலாம். கடைக்கு வெளியில் வழங்குகிற பேர்தான் உள்ளேயும் வரவேண்டும். ஆகவே முதலில் பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையை 'கோண்டாவில் சிவகுமார் மணவறை' என்று மாற்றுங்கோ. கூகிளுக்குச் செய்கிற வேலை ஏணியும் தூரிகையுமாகத் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.

சோடனை செய்த வீட்டாரிடம் நாலு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கோ. அதற்காக விலைக்கழிவு தருகிறேன் என்று மட்டும் சொல்லாதேங்கோ, அதுவும் விதிக்கு மாறு. கடையில் இருந்தபடி தேடிப்பார்த்து 'நான்தான் முதலாவது' என்று சந்தோசப்படவும் வேண்டாம். தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதும் கணக்கில் சேரும். லண்டனில் இருக்கிற மச்சானைத் தேடச் சொல்லுங்கோ. நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேற முன்னம் இதெல்லாம் முடிந்தால் நல்லது. அந்த 25 நாளை ஒட்டித்தானே வெளிநாட்டுக்காரர் வந்து நிற்பினம்.

கேள்வி: எங்கள் துறையில் என் பேரும் முதலெழுத்தும் உள்ள இன்னொருவர் இருக்கிறா. கலியாணத்துக்குப் பிறகு அப்பாவின் பேர் போய்க் கணவரின் பேர் வந்தால், என் ஆய்வுக் கட்டுரைகள் யாருடையவை ஆகும்?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆய்வாளர்களுக்கென்று 2012இலிருந்து 'ஓர்கிட்' (ORCID) என்ற 16 இலக்க அடையாளம் இருக்கிறது. காசில்லை. பேர் மாறினாலும் இலக்கம் மாறாது, பழைய பேரையும் அதிலேயே பதிந்து வைக்கலாம். அடுத்த கட்டுரை அனுப்பமுன் எடுத்துவிடுங்கோ. கலியாணத்துக்கு என் வாழ்த்தும்.