ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) பிரசவப் பலன்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்: இதுதான் முதல் வேலை. ஏப்ரலில் சேர்ந்தேன், நவம்பரில் டெலிவரி. மாதாமாதம் ஈஎஸ்ஐ பிடித்தார்கள். ஆனால் கிளை அலுவலகத்தில் தகுதி இல்லை என்கிறார்கள்.

அவர்கள் சொன்னது சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். சந்தா காலம் இரண்டு. ஏப்ரல்–செப்டம்பர் சந்தாவுக்கு அடுத்த ஜனவரி–ஜூனில் பலன். அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை–டிசம்பரில். பிரசவம் எந்தப் பலன் காலத்தில் வருகிறதோ, அதற்கு முந்தைய இரண்டு சந்தா காலங்களிலும் சேர்த்து சந்தாவுக்குரிய 70 நாள் இருக்க வேண்டும். நவம்பர் பிரசவத்துக்கு அந்தக் கணக்கு மார்ச்சோடு முடிந்துவிட்டது. ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் உழைத்த ஒரு நாளும் அதில் சேராது. ஜனவரிக்குப் பிறகு பிரசவம் என்றால் கிடைத்திருக்கும்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். ஈஎஸ்ஐ தகுதி வரும்வரை பொறுப்பு கம்பெனியுடையது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரச் சம்பளத்தை அவர்களே தர வேண்டும். 1961 மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 5ஏ பிரிவு இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து லீவு, டாக்டர் குறித்த தேதி எது என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

கோவை: எவ்வளவு பணம் வரும்?

சராசரி தினக்கூலி முழுதாக, ஞாயிறு உட்பட. 520 ரூபாய் என்றால் 182 நாளுக்கு 94,640. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். உயிரோடு இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் மொத்தமே 12 வாரம்தான். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் உண்டு.

பணம் குறைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கம்பெனி குறைந்த சம்பளமும் குறைந்த நாளும் காட்டியிருக்கும். ஐபி நம்பரை (உங்கள் ஈஎஸ்ஐ காப்பீட்டு எண்) போட்டு மாதம் ஒருமுறை ஈஎஸ்ஐ போர்ட்டலில் பாருங்கள். சந்தா கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

ஒரு கணவர்: என் மனைவிக்கு 26 வாரம் வருமா?

சந்தா உங்கள் பெயரில் என்றால் அந்தப் பணம் வராது. அவருக்குப் பரிசோதனையும் பிரசவச் சிகிச்சையும் உண்டு.

தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தால்?

26 வாரப் பணத்துக்குத் தடையில்லை, பிரசவச் சான்று வேண்டும். ஆஸ்பத்திரி பில் வேறு விஷயம். ஈஎஸ்ஐ தரும் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்) இல்லாமல் போனால் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சிறு தொழில் உரிமையாளர்: 26 வாரச் சுமையால்தான் எங்களைப் போன்றவர்கள் பெண்களை எடுக்கத் தயங்குகிறோம்.

தகுதி வந்த பெண்ணுக்கு அந்தச் சம்பளத்தை நீங்கள் தருவதில்லை, ஈஎஸ்ஐ கழகம் தருகிறது. நீங்கள் கட்டுவது 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. ஆண் தொழிலாளியை எடுத்தாலும் அதே 3.25தான்.

அதே உரிமையாளர்: பதில் ஆள் போட வேண்டாமா? பழக்க ஒரு மாதம் ஆகிறதே?

அந்தச் சிரமம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது பதில் ஆளைப் பழக்கும் செலவு, 26 வாரச் சம்பளம் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் காட்டித்தான் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

சென்னை, ஹெச்ஆர்: மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி ஈஎஸ்ஐ வரம்புக்கு வெளியே போனவருக்கு நாங்கள்தானே தருகிறோம்?

ஆமாம், அங்கே சுமை உங்களுடையதுதான். அரசு பங்கெடுக்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் கூடவே கேட்பேன். ஆனால் சம்பளம் உயர்ந்த மறுநாளே ஈஎஸ்ஐ பிடிப்பதை நிறுத்தாதீர்கள். மே மாதம் உயர்ந்தாலும் அந்தச் சந்தா காலம் முடியும் செப்டம்பர் 30 வரை பிடிக்க வேண்டும்.

ஜூன் கடைசியில் சேர்ந்தேன், டிசம்பரில் டெலிவரி. 70 நாள் ஆகிவிட்டதே?

முதல் பதிலைப் படியுங்கள். இன்னும் மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் இதேதான்.

கம்பெனி பிடித்தது, கட்டவில்லை. என் உரிமை போய்விட்டதா?

போகாது. சட்டம் பார்ப்பது சந்தா கட்ட வேண்டியிருந்த நாட்களை. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வங்கிக் கணக்கு நகலோடு கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

கருக்கலைந்தால்?

தானாகக் கலைந்தால் 6 வாரம். டாக்டர் சான்று அவசியம்.

ராஜினாமா செய்துவிட்டுப் பிறகு சேரச் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். பிரசவ லீவில் இருப்பவரை நீக்கவோ தண்டிக்கவோ சட்டம் விடாது. அதனால்தான் ராஜினாமா கேட்கிறார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றாலும், 70 நாள் கணக்கு சரியாக இருந்தால் ஈஎஸ்ஐ பணம் உங்களுக்கு உண்டு. பிரசவப் பணம் கேட்கும் படிவம் 19-ஐ நீங்களே கிளை அலுவலகத்தில் கொடுங்கள்.